ஓவர்லேப்பை எண்ணிக்கையில் அல்ல, எடையில் பாருங்கள்

500 பங்குகள் உள்ள இடிஎஃப்புக்கும் (பங்குச்சந்தையில் வாங்கி விற்கக்கூடிய ஃபண்ட்) 100 பங்குகள் உள்ள இடிஎஃப்புக்கும் 80 பங்குகள்தான் பொது, ஆகவே ஓவர்லேப் (இரண்டும் ஒத்துப்போகும் அளவு) 500-ல் 80, அதாவது வெறும் 16% என்று சிலர் கணக்குச் சொல்வார்கள். எண்ணிக்கைக்கு அது சரி, பணத்துக்குப் பொருந்தாது. சந்தை மதிப்பை வைத்து எடை (ஃபண்டின் பணத்தில் ஒரு பங்குக்குப் போகும் சதவீதம்) போடும் ஃபண்டுகளில் அந்த 80-ம் மிகப் பெரிய நிறுவனங்களாக இருந்தால், இரண்டிலும் பெரும்பகுதிப் பணம் அங்கேதான் இருக்கும்.

நீங்களே சரிபார்க்கலாம். இரண்டுக்கும் ஒரே தேதியிட்ட முழு ஹோல்டிங்ஸ் பட்டியலை (ஃபண்ட் வைத்திருக்கும் பங்குகளும் அவற்றின் எடைகளும்) ஃபண்ட் நிறுவனத் தளத்தில் இறக்குங்கள்; முதல் 10 பங்குகள் மட்டும் போதவே போதாது. ஐஎஸ்ஐஎன் எண்ணை (ஒவ்வொரு பங்குக்கும் உள்ள தனி அடையாள எண்) வைத்துப் பொருத்துங்கள். பெயரை வைத்துத் தேடினால் ‘லிமிடெட்’, ‘லிட்.’ வித்தியாசத்திலேயே சில பங்குகள் விட்டுப்போகும். ஒவ்வொரு பொதுப் பங்குக்கும் இரண்டு எடைகளில் சிறியதை எடுங்கள்: ஒன்றில் 7%, இன்னொன்றில் 4% என்றால் 4. எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் ஓவர்லேப் சதவீதம்.