மரத்தை விட்டுவைத்துக் கட்டுகிறோம் என்பவர்களுக்கு

பாளையங்கோட்டையைச் சுற்றி, கே.டி.சி. நகர், பெருமாள்புரம், தியாகராஜ நகர் என்று எந்தப் பக்கம் போனாலும் எங்காவது ஒரு வீட்டு வேலை நடந்துகொண்டிருக்கிறது. பழைய மனைகளில் வேம்போ புளியோ நிற்பதும், "மரத்தை வெட்டாமல் விட்டுவைத்துத்தான் கட்டுகிறோம்" என்று வீட்டுக்காரர் பெருமையோடு சொல்வதும் சாதாரணமாகக் காணக் கிடைப்பவை. அந்தப் பெருமையில் பொய் இல்லை. ஆனால் அப்படி விட்டுவைத்த மரங்களில் பல, பால் காய்ச்சி மூன்று நான்கு வருஷத்தில் உச்சிக் கிளையிலிருந்து காயத் தொடங்குகின்றன. வண்டு விழுந்துவிட்டது, வயதாகிவிட்டது, நிலத்தடி நீர் கீழே போய்விட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி, கடைசியில் அதே வீட்டுக்காரரே கூலி கொடுத்து மரத்தை வெட்டுகிறார். கட்டுமானத் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: அப்படிக் காய்ந்த மரங்களில் பெரும்பாலானவை அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய வாரத்திலேயே முடிந்துபோனவை, தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்து தீர்ந்துபோக அத்தனை வருஷம் பிடித்தது, அவ்வளவே. மரம் இருக்குமா போகுமா என்பது பிளான் போடுகிற மேஜையில் தீர்மானமாகிவிடுகிறது. அந்த மேஜையில் மரத்தைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை என்பதுதான் என் புகார்.

மரம் மேலே எவ்வளவு உயரமோ, கீழே அவ்வளவு ஆழத்துக்கு ஆணிவேர் இறங்கியிருக்கும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆணிவேர் கன்றுப் பருவத்தில் பெரிய வேலை செய்கிறது என்பது உண்மைதான். ஆனால் வளர்ந்த மரத்தில் நீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பங்கு, காற்று நுழையக்கூடிய மேல்மண்ணின் முதல் இரண்டு மூன்று அடிக்குள் பக்கவாட்டில் ஓடுகிறது. கிளை விரிந்திருக்கும் எல்லையையும் தாண்டி அது வெகுதூரம் போகும். ஆகவே தண்டிலிருந்து ஆறடி தள்ளி ஜேசிபியை வைத்து நீளமாக ஒரு பள்ளம் இழுத்தால், தண்டில் ஒரு கீறல்கூட விழாமலேயே அந்தப் பக்கத்து வேர் முழுவதும் அறுந்துபோகும். மேஸ்திரி, "அண்ணாச்சி, மரத்தைத் தொடவே இல்லை, பாத்துக்கிடுங்க" என்பார். அவர் கண்ணுக்குத் தெரிந்தவரை அது சரியான பேச்சுதான்.

எவ்வளவு தூரத்துக்குத் தொடக்கூடாது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டனின் பி.எஸ். 5837 என்ற தரநிலை, 2012 பதிப்பின்படி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து, அதைப் போல் 12 மடங்கு ஆரமுள்ள வட்டத்தை வேர்க்காப்பு எல்லையாகக் கொள்ளச் சொல்கிறது. மரம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஆரம் 15 மீட்டரோடு நின்றுவிடும். ஆஸ்திரேலியாவின் ஏ.எஸ். 4970 தரநிலையின் 2009 பதிப்பும் இதே 12 மடங்கைத்தான் வைத்தது. நம் ஊரில் விட்டத்தை யாரும் அளப்பதில்லை. வனத்துறையும் மார்பளவு உயரத்தில், அதாவது 1.37 மீட்டரில், சுற்றளவைத்தான் எடுக்கிறது. சுற்றளவை வைத்துக்கொண்டால் கணக்கு இன்னும் எளிது: டேப்பை மரத்தைச் சுற்றிப் பிடித்து, வந்த அளவை ஏறத்தாழ நான்கால் பெருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் சுற்றளவுள்ள வேம்புக்குச் சுமார் ஆறு மீட்டர் ஆரம் வரும். இவை வெளிநாட்டு மரங்களையும் மண்ணையும் பார்த்து வகுத்த கணக்குகள் என்று ஆட்சேபிக்கலாம். என்னைக் கேட்டால், மழை குறைந்த நம் நிலத்தில் ஈரத்தைத் தேடி வேர் இன்னும் அதிக தூரம் போகும் என்பதால், இந்த எல்லையைக் குறைந்தபட்சமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது, இதை மழுப்பிவிட்டு மரம் காப்பதைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் எனக்கு மரியாதை இல்லை. ஆறு மீட்டர் ஆரமுள்ள வட்டம் ஏறத்தாழ 1,200 சதுர அடி. நடுத்தரக் குடும்பம் கடன் வாங்கி வாங்கும் ஐந்து சென்ட் மனை 2,178 சதுர அடி. பாதிக்கு மேற்பட்ட மனையை ஒரு வேம்புக்கு விட்டுவிடுங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால், அந்த ஆள் மறுநாளே மரத்தை வெட்டிவிட்டுத்தான் இன்ஜினியரைக் கூப்பிடுவார். ஆனால் மரம் மனையின் நட்ட நடுவில் நிற்பது அபூர்வம். மூலையில் நின்றால் வட்டத்தில் கால்பங்குதான் நம் மனைக்குள் விழுகிறது, அதாவது முந்நூறு சதுர அடி. எப்படியும் பக்கத்திலும் பின்னாலும் திறந்தவெளி விடத்தான் வேண்டும். அந்த வெளியை நான்கு பக்கமும் சமமாகப் பங்கிடாமல் மரத்தின் பக்கம் கூட்டி வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துபோகும். மேலே சொன்ன தரநிலைகளே கொஞ்சம் நெகிழ்வு கொடுக்கின்றன. ஆஸ்திரேலியக் கணக்கில், வட்டத்தின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு வரை ஓரிடத்தில் இழந்தால், அதே அளவு நிலத்தை வட்டத்தை ஒட்டி வேறொரு பக்கத்தில் ஈடாக விடலாம். ஒரு பக்கம் தார்ரோடும் சாக்கடையும் இருந்தால் வேர் அந்தப் பக்கம் குறைவாகவும் மனைப்பக்கம் கூடுதலாகவும் ஓடியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் பார்ப்பதற்கு மரம் சர்வே படத்தில் இருக்க வேண்டும். நான் பார்க்கும் படங்களில் கிணறு இருக்கிறது, மின்கம்பம் இருக்கிறது, மூலைக்கல் இருக்கிறது. நாற்பது வருஷத்து மரம் இருப்பதில்லை.

எல்லா மரத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி இல்லை. பிரிட்டிஷ் தரநிலை மரங்களை நான்கு தரமாகப் பிரிக்கிறது: இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கக்கூடிய உயர்ந்த மரம், இருபது வருஷத்துக்கு மேல் இருக்கக்கூடியது, பத்து வருஷமாவது தாங்கக்கூடியது, பத்துக்கும் குறைவாக ஆயுள் உள்ளதால் எடுத்துவிட வேண்டியது. மனையில் நிற்கும் வேலிக்கருவைக்கும், அடியில் தட்டுத்தட்டாகக் காளான் வெடித்து நிற்கும் மரத்துக்கும் வீட்டை வளைத்துக் கட்டுவதில் அர்த்தமில்லை. அடித்தண்டை மரச்சுத்தியலால் தட்டினால் பொந்து விழுந்த இடத்தில் சத்தம் மாறும். இரண்டு கிளைகள் நெருக்கிப் பிரியும் கவையில் பட்டை உள்ளே மடிந்திருந்தால் அது பிளக்கக்கூடிய இடம். ஒரு பக்கத்துக் கிளைகள் மட்டும் காய்ந்திருந்தால் அதற்கு நேர் கீழே வேரில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். இவற்றைப் பார்க்க அரை நாள் போதும்.

நம் பகுதிக்கென்று ஒன்றைச் சேர்த்துச் சொல்லலாம். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வீசும் மேல்காற்றை மரம் தாங்கி நிற்பது, காற்று வரும் பக்கத்து வேர்கள் மண்ணை இழுத்துப் பிடித்திருப்பதால்தான். மேற்குப் பக்கத்தில் காம்பவுண்டுக்காகப் பள்ளம் எடுத்து அந்த வேர்களை அறுத்துவிட்டால், மரம் பச்சையாக இருக்கும்போதே கிழக்கே வீட்டின்மேல் சாயக்கூடும். பிறகு "மரம் வைத்திருந்தாலே ஆபத்து" என்று தெருவே பேசும்.

வேரை அறுப்பதைவிடச் சத்தமில்லாமல் கொல்வது மண் நிரப்புதல். நம் தெருக்களில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டு உயர்த்துகிறார்கள். அதனால் வீடு கட்டுகிறவர்கள் மழைத்தண்ணீருக்குப் பயந்து மனையை ரோட்டு மட்டத்துக்கு மேலே இரண்டடி மூன்றடி தூக்குகிறார்கள். டிப்பரில் சரள் வந்து இறங்குகிறது, தண்ணீர் விட்டு, ரோலரோ ஜேசிபியோ ஏறி இறங்கிக் கெட்டிப்படுத்துகிறது. வீட்டின் அடியில் மண் கெட்டிப்பட வேண்டும். அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் வேருக்கு வேண்டியது மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்று. நாம் கெட்டிப்படுத்தியது அந்தக் காற்றை வெளியேற்றுவதற்குத்தான். கங்கைகொண்டான், மானூர் பக்கத்துக் கரிசலில் ஈரமாக இருக்கும்போது ஒரு லாரி ஏறினாலே போதும், அந்த இடம் பல வருஷத்துக்குத் தேறாது. சிலர் தண்டைச் சுற்றி வட்டமாகச் செங்கல் சுவர் வைத்து, கிணறு போல விட்டுவிட்டு வெளியே நிரப்புகிறார்கள். தண்டு அழுகாமல் இருக்க அது உதவும், ஆனால் மூச்சுத் திணறும் வேர்கள் அந்தச் சுவருக்கு வெளியேதான் இருக்கின்றன. வேர் வட்டத்துக்குள் பழைய மட்டத்தை அப்படியே விட்டு, வீட்டை மட்டும் உயர்த்தி, இடையில் இரண்டு படி வைத்தால் பிரச்சினை முடிந்தது. தாழ்ந்த இடத்தில் தண்ணீர் தேங்குமே என்பார்கள். அது நியாயமான கேள்வி, ஏனென்றால் வேம்பு வறட்சியைத் தாங்குவதுபோலத் தேங்கிய தண்ணீரைத் தாங்காது. ஆகவே அங்கிருந்து வடிகால் கொடுத்தாக வேண்டும்.

அஸ்திவாரத்திலும் வழி இருக்கிறது. வேர் வட்டத்தை வீடு கொஞ்சம் தொட்டே ஆகவேண்டும் என்றால், அந்தப் பக்கம் தொடர்ச்சியாகக் கடைகால் எடுக்காமல், இடைவெளி விட்டுப் பைல், அதாவது ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்களை, இறக்கி, தரைக்கு மேலே அவற்றை இணைக்கும் கிரேடு பீம் ஓட்டலாம். கரிசல் மண்ணுக்காக ரூர்க்கி மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த, அடியில் குமிழ்போல் அகன்ற அண்டர்-ரீம்டு பைல், நம் வடக்குப் பகுதி மனைகளில் மண் ஊதிச் சுருங்குவதற்காக எப்படியும் பரிசீலிக்க வேண்டிய ஒன்று; அதே செலவில் வேரும் பிழைக்கும். காம்பவுண்டு சுவருக்கும் இதே முறைதான்: தூண்களை வேர் இல்லாத இடமாகப் பார்த்துக் கையால் தோண்டி நிறுத்தி, மேலே பீமில் சுவரை ஏற்றலாம். செப்டிக் டேங்க், சம்ப், போர் போட வரும் லாரியின் பாதை, மழைநீர்த் தொட்டி ஆகியவற்றை மரத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளுவதற்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. பிளான் போடும்போதே நினைவிருந்தால் போதும்.

பனைக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. பனையின் தண்டு வருஷா வருஷம் பருப்பதில்லை, அதனால் சுற்றளவை வைத்து வேரைக் கணிக்க முடியாது. தண்டில் விழுந்த வெட்டைச் சுற்றிப் பட்டை வளர்ந்து மூடவும் மூடாது. அதற்கு வேண்டியது அடியில் மண்ணைக் குவிக்காமலும், தண்டில் ஆணி அடித்துக் கம்பி கட்டாமலும் இருப்பது. 2021-இல் தமிழக அரசு தன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. வள்ளியூர், திசையன்விளைப் பக்கம் மனைப்பிரிவு போடுகிறவர்கள் அதை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது.

அரசு வேலைகளைப் பற்றிச் சொல்லாமல் வீட்டுக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. தென்காசி சாலையை நான்குவழியாக்கியபோது எத்தனை நிழல் போயிற்று என்பது அந்த வழியில் பஸ்ஸில் போய்வந்தவர்களுக்குத் தெரியும். இப்போது பொது இடத்து மரத்தை வெட்டும் கோரிக்கை ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் முன் போக வேண்டும். அது முன்னேற்றம்தான், ஆனால் வெட்டுவதற்குத்தான் அனுமதி கேட்கிறார்கள், வேரை அறுப்பதற்கு யாரும் யாரிடமும் கேட்பதில்லை. குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் கேபிளுக்கும் ஒரே மரத்தின் அடியில் தனித்தனியாகப் பள்ளம் எடுக்கிறார்கள். கடைசியில் ஒருவர் வந்து தண்டு வரைக்கும் பேவர் பிளாக் பதித்து சிமென்ட் பூசுகிறார். டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்காவது கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. குறுக்குத்துறைப் பக்கம் நிற்கும் மருதமரங்களுக்கு அந்த ஒரு மீட்டரைக் கேட்பது பேராசை ஆகாது. ஒன்றுக்குப் பத்துக் கன்று நடுவோம் என்ற வாக்குறுதியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் கன்றுக்கு இரண்டு கோடை தண்ணீர் ஊற்றப்போவது யார் என்பது அந்த வாக்குறுதியில் எழுதப்படுவதில்லை.

வீட்டு வேலைக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் மரத்துக்கென்று தனி வரி எழுதுங்கள். ஜேசிபி மனைக்குள் நுழைவதற்கு முன்பே, சவுக்குக் கம்பு நட்டுத் தகரம் அடித்து வேர் வட்டத்தை அடைக்க வேண்டும். தண்டில் சாக்குச் சுற்றுவது வேலி ஆகாது. உள்ளே எம்-சாண்டும் ஜல்லியும் குவிக்கக்கூடாது, கலவை மெஷினைக் கழுவிய சுண்ணாம்புத் தண்ணீரை விடக்கூடாது, ஆட்கள் அடுப்பு மூட்டக்கூடாது. வழியில்லாமல் அதன் ஓரத்தில் வண்டி போக வேண்டியிருந்தால், தேங்காய் மட்டையைக் கனமாகப் பரப்பி மேலே பலகை போட வேண்டும். வேலை நடக்கும் கோடையில் வாரம் ஒருமுறை நன்றாக நனையும்படி தண்ணீர் விட வேண்டும். சுவருக்குத் தண்ணீர் காட்டுகிற ஆளே அதையும் செய்துவிடுவார், ஆனால் சொல்லியிருக்க வேண்டும். வேலியைப் பிரித்தால் இவ்வளவு பிடித்தம் என்று தொகையையும் எழுதி, கடைசித் தவணையோடு அதை நிறுத்தி வையுங்கள். கான்ட்ராக்டர் முறைத்துக்கொள்வார். தகரத்துக்கும் கம்புக்கும் ஆகும் செலவு, வீட்டின் முகப்பு கிரில்லுக்கு ஆகிறதைவிடக் குறைவு என்பதை அவரிடம் சொல்லலாம். வேலை முடிந்ததும் அதே தகரத்தை அவர் அடுத்த சைட்டுக்கு எடுத்துப் போகட்டும்.