அயர்ன்மேன் வேறு, ஒலிம்பிக் டிரையத்லான் வேறு
"ஒலிம்பிக் டிரையத்லானை நடத்துவதே அயர்ன்மேன் நிறுவனம்தான்" என்று மேலே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். தவறு. டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் போட்டி. அயர்ன்மேன் அதில் ஒரு தனியார் போட்டித் தொடர்: 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், பிறகு முழு மாரத்தான். ஒலிம்பிக்கில் 1.5, 40, 10 கி.மீ. மட்டுமே. அதன் விதிகளை வகுப்பது 1989இல் தொடங்கிய சர்வதேசக் கூட்டமைப்பு; இன்றைய பெயர் வேர்ல்டு டிரையத்லான்.

சைக்கிள் ஓட்டும் முறையே வேறு. முன்னே செல்பவரின் சக்கரத்தை ஒட்டியே மிதித்துக் காற்றின் எதிர்ப்பிலிருந்து தப்புவது ஒலிம்பிக்கில் உத்தி; அயர்ன்மேனில் குற்றம், நேரத் தண்டனை உண்டு. ஒலிம்பிக்கில் சைக்கிளில் ஒரு முழுச் சுற்றுப் பின்தங்கினால், பாவம், அங்கேயே வெளியேற வேண்டியதுதான்.

கூட்டமைப்பின் உலகச் சாம்பியன் பட்டமும் 2009 முதல், 2020 நீங்கலாக, ஒரே நாள் பந்தயத்தில் முடிவாவதில்லை. தொடர் முழுக்கச் சேர்த்த புள்ளிகளே தீர்மானிக்கின்றன.