சங்கராவின் உரைகளில் நாம் விட்டுவிடும் பகுதி

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15 நெருங்கும்போது, மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் அதிபராக இருந்து 1987-இல் அந்நாளில் சுட்டுக்கொல்லப்பட்ட தாமஸ் சங்கராவின் படமும், ஆப்பிரிக்க நாடுகளின் வெளிநாட்டுக் கடனைப் பற்றி அவர் பேசிய இரண்டு மூன்று வரிகளும் முகநூலில் பரவலாகப் பகிரப்படுகின்றன. அவ்வரிகள் எனக்கும் பிடித்தமானவையே. ஆயினும் அவருடைய உரைகளை முதலிலிருந்து கடைசிவரை படிக்கும்போது, மேற்குலகைக் கண்டித்த பகுதிகளைவிடத் தம் சொந்தத் தரப்பினரை நேருக்கு நேராகக் கேள்வி கேட்ட பகுதிகளே துணிச்சல் மிக்கவை என்ற முடிவுக்கே நான் வருகிறேன்.

1987 ஜூலை 29 அன்று அடிஸ் அபாபாவில், ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் உச்சி மாநாட்டில் அவர் ஆற்றிய உரையையே எடுத்துக்கொள்வோம். கடனைக் கட்டாவிட்டால் கொடுத்தவர்கள் செத்துவிடப் போவதில்லை, கட்டினால் நாம் சாவது உறுதி என்ற வாதம் அனைவரும் அறிந்தது. ஆனால் அதே உரையில், பாரிசும் லண்டனும் அழைத்தால் ஓடோடிச் செல்லும் தலைவர்கள், ஆப்பிரிக்காவைப் பற்றி ஆப்பிரிக்க மண்ணில் பேசக் கூப்பிட்டால் ஏன் வருவதில்லை என்று அந்த அவையிலேயே அவர் கேட்டார். ஆப்பிரிக்க நாடு வாங்கும் ஒவ்வோர் ஆயுதமும் இன்னோர் ஆப்பிரிக்கனுக்கு எதிராகவே வாங்கப்படுகிறது என்றார். தம் தூதுக்குழுவினர் உடுத்தியிருந்தது புர்கினாவில் விளைந்த பருத்தியில் புர்கினாவிலேயே நெய்த துணி என்று சொல்லி, உள்ளூர்ச் சந்தையை நம்பி வாழுங்கள் என்று மற்ற அதிபர்களிடம் கேட்டுக்கொண்டார்.

புர்கினா ஃபாசோ மட்டும் தனித்து நின்று கடனைக் கட்ட மறுத்தால் அடுத்த மாநாட்டுக்கு நான் வந்திருக்க மாட்டேன் என்று அவர் சொன்னதையும், மூன்று மாதங்கள் முடிவதற்குள் அவர் கொல்லப்பட்டதையும் இணைத்து, அதனைத் தீர்க்கதரிசனம் என்று பலர் எழுதுகிறார்கள். என் பார்வையில் அது ஒரு வேண்டுகோள்: கடனுக்கு எதிராக எல்லா நாடுகளும் ஓரணியாக நிற்க வேண்டும் என்பதே அவர் கேட்டது. அவையில் சிரிப்பும் கைதட்டலும் எழுந்தனவே தவிர, அந்த அணி உருவாகவில்லை. அவருக்குப் பின் ஆட்சியைப் பிடித்து 27 ஆண்டுகள் ஆண்ட பிளேஸ் கம்பவோரே, 1991-இல், நிபந்தனைகளோடு கடன் தரும் சர்வதேச நாணய நிதியத்தின் பொருளாதாரச் சீரமைப்புத் திட்டத்துக்குள் நாட்டைக் கொண்டு சென்றார். சங்கராவின் கொலைக்கு உடந்தையாக இருந்த குற்றத்துக்காக 2022-இல் தலைநகர் ஒவாகடூகூவின் ராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

அதே 1987-இல், மார்ச் 8 அன்று ஒவாகடூகூவில் பெண்கள் முன் ஆற்றிய உரை, நம்மிடையே அதிகம் பேசப்படாதது பெரும் இழப்பு. வெளியில் புரட்சி பேசிவிட்டு வீட்டுக்குள் எசமானனாக இருக்கும் ஆண்களை அவர் அதில் விட்டுவைக்கவில்லை. பலதார மணத்தையும் கட்டாயத் திருமணத்தையும் வெளிப்படையாகச் சாடினார். 1984 செப்டம்பரில் ஒரு நாள் ஆண்களே சந்தைக்குச் சென்று வீட்டுக்கு வேண்டியதை வாங்கி வர வேண்டும் என்று அறிவித்த அரசின் தலைவர் பேசியது என்பதால், அந்தச் சொற்களுக்குக் கூடுதல் கனம் உண்டு.

இவ்வளவு சொல்லும் நான், 1984-இல் வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அவருடைய அரசு பணிநீக்கம் செய்ததை மறைக்க விரும்பவில்லை. எழுத்தறிவைப் பரப்ப முனைந்த ஓர் ஏழை நாட்டில் அது மாணவர்களையே முதலில் பாதித்தது. அனைவரையும் கேள்வி கேட்கத் தூண்டிய ஒருவரால், தம்மைக் கேள்வி கேட்ட தொழிற்சங்கத்தைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம். அவரை ஆட்சிக்குக் கொண்டுவந்த புரட்சியின் நான்காம் ஆண்டு நிறைவான 1987 ஆகஸ்டு 4 அன்று போபோ டியுலாசோவில் பேசியபோது, மக்களை விட்டுவிட்டு பத்து அடி வைப்பதைவிட மக்களோடு சேர்ந்து ஓரடி வைப்பதே மேல் என்று அவரே சொன்னார். ஆட்சியின் வேகம் மக்களைப் பின்னே தள்ளிவிட்டதை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு அந்த உரையே சான்று. கடன் உரைக்கு ஆறு நாட்களுக்குப் பிறகு ஆற்றப்பட்ட அவ்வுரையைச் சேர்த்துப் படிக்காமல் சங்கராவை மதிப்பிடுவது, அவரைப் போற்றுவோருக்கும் தூற்றுவோருக்கும் ஒருசேரப் பொருந்தாது.