பலகைத் தடுப்புக்கு இப்பால்

திருமணமாகி 31 ஆண்டுகள் ஆன ஒருவன் தாம்பத்திய உறவைப் பற்றி முகநூலில் எழுதினால் இங்கே மியான்மரின் யாங்கூனில் இருக்கும் என் உறவுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் வயதை ஒத்த நண்பர், “பேரன் எடுத்தாச்சு, இனி என்ன அந்தப் பேச்சு” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்த வருத்தம் எனக்குப் பழக்கமானது என்பதால்தான் எழுதுகிறேன். என் மனைவி இதைப் படித்து இரண்டு வரிகளை அடித்துவிட்டு மீதிக்குச் சம்மதித்தார்.

அனோரதா சாலையை ஒட்டிய ஒரு தெருவில், லிஃப்ட் இல்லாத ஐந்தாவது மாடியில் எங்கள் வீடு. முன்னால் பால்கனி, பின்னால் அடுப்படி, நடுவே ரயில் பெட்டிபோல் நீண்ட ஒரே கூடம். அதில் பலகையால் தடுத்த ஓர் அறை, அந்தத் தடுப்பும் கூரைவரை போகாது. அந்தப்பக்கம் அம்மா புரண்டு படுத்தால் எங்களுக்குக் கேட்கும். அப்படியானால் எங்கள் சத்தம் அவருக்குக் கேட்காதா என்ற அச்சத்திலேயே முதல் ஆறேழு ஆண்டுகள் போயின. கரண்ட் போய், தெருவில் ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்கும் இரவுகளே எங்களுக்கு வாய்த்த தனிமை. இன்று அம்மா இல்லை, மகள் மலேசியாவில், மகன் சிங்கப்பூரில். வீடு முழுவதும் எங்களுக்கே இருக்கிறது, உடல்தான் பழைய உடலாக இல்லை.

மனைவிக்கு 49 வயதில் மாதவிடாய் நின்றது. அதன் பிறகு அவர் விலகி விலகிப் படுத்ததை என்மீதுள்ள சலிப்பு என்றே நான் எடுத்துக்கொண்டேன். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது பிறப்புறுப்பின் உட்தோல் மெலிந்து வறண்டுபோகும், உறவின்போது வலிக்கும், சிலருக்குச் சிறுநீர்த் தொற்றும் அடிக்கடி வரும். ஆசை இருந்தும் வலிக்குப் பயந்து ஒதுங்கும் பெண்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். வறட்சியைப் போக்கும் நீர் கலந்த களிம்பு உண்டு, மருத்துவர் பார்த்து எழுதித் தரும் ஈஸ்ட்ரோஜன் களிம்பும் உண்டு. இந்த இரண்டையும் தெரிந்துகொள்ள எங்களுக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன, ஏனென்றால் முழங்கால் வலியை மருத்துவரிடம் விலாவாரியாகச் சொன்ன அவருக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

என் கதை இதைவிடக் கேவலம். எனக்கு 46 வயதிலிருந்து சர்க்கரை. அது நெடுநாள் கட்டுக்கு அடங்காமல் இருந்தால் நரம்பும் இரத்தக்குழாயும் கெடும். ஆணுறுப்பின் இரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகலானவை என்பதால், விறைப்புக் குறைவது சில வேளைகளில் வரப்போகும் இதய நோய்க்கு முன்னறிவிப்பாகவும் இருக்கும். நானோ அதை மானப் பிரச்சினையாக்கி மறைத்தேன். 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வயாகராவின் ஏதோ ஒரு நகலைத் தெருமுனைக் கடையில் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இதையும் விழுங்கினால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும். நான் வேறென்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துவைக்கத் துணி எடுத்தபோது அட்டை மனைவியின் கையில் சிக்கியது. “யாருக்குங்க இது?” என்று கேட்ட குரலில் பயம் இருந்தது. “உனக்காகத்தான்” என்று சொல்லி முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்றுதான் அவரும் தன் வலியைச் சொன்னார்.

இப்போது எங்களுக்கு இரவைவிட விடியற்காலையே ஒத்துவருகிறது. அவசரம் இல்லை, சில நாள் கட்டிக்கொண்டு படுப்பதோடு சரி. இருவரும் மனமொத்து நிறுத்திக்கொண்டாலும் அதில் குறையொன்றும் இல்லை என்பேன். ஒருவர் தனக்குள் முடிவெடுத்துக்கொண்டு மற்றவரைக் காத்திருக்க வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நமக்காகப் பிள்ளைகள் முடிவெடுப்பதையும்.

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு வந்த மகன், பேத்தி பாட்டியோடு அறையில் படுக்கட்டும் என்று சொல்லி, எனக்குக் கூடத்தில் பாய் விரித்தான். “அப்பாவுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு, தனகா பூசணும், உள்ளயே படுக்கட்டும்” என்று சொன்ன மனைவி, பாயைச் சுருட்டிப் பேத்தியோடு சேர்த்து மகன் கையில் கொடுத்துவிட்டு, தனகா மரக் கட்டையைச் சந்தனம்போல் கல்லில் உரைக்க உட்கார்ந்தார்.