அந்த வெப்பம் ஓசியில் ஓடவில்லை

ஞாயிற்றுக்கிழமை பள்ளி விழா வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிரேசிலில் ஒரு சோதனையில் குளிர்ந்ததிலிருந்து சூடானதற்கு வெப்பம் போனதாம், அதனால் இயற்பியல் விதியே செத்துப்போச்சாம் என்று சிறப்பு விருந்தினர் பேசியது. "சார், நீங்க பிசிக்ஸ் வாத்தியார்தானே, இது நிஜமா?" என்ற கேள்வியோடு எனக்கும் வந்துகொண்டே இருக்கிறது. பள்ளியின் பெயரோ சிறப்பு விருந்தினரின் பெயரோ இங்கே வேண்டாம். அவர் பேசியது முழுப் பொய் என்றால் நான் எழுதவே மாட்டேன். பாதி உண்மை. அதுதான் பயமாக இருக்கிறது.

பிரேசிலில் குளிர்ந்ததிலிருந்து சூடானதற்கு வெப்பம் போனது உண்மை. 2019இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு. குளோரோஃபார்ம் மூலக்கூறில் ஒரு கார்பன் அணுக்கரு, ஒரு ஹைட்ரஜன் அணுக்கரு. இரண்டின் ஸ்பின்களுக்கும் (அணுக்கருவைக் குட்டிக் காந்தம்போல நடந்துகொள்ள வைக்கும் பண்பு) நடுவே முன்கூட்டியே ஒரு குவாண்டம் ஒட்டுறவை, அதாவது ஒன்றின் நிலை மற்றதன் நிலையோடு பிணைந்திருக்கும் தொடர்பை, உண்டாக்கிவைத்தார்கள். அதன்பின் குளிர்ந்தது மேலும் குளிர்ந்தது, சூடானது மேலும் சூடானது. இதுவரை விருந்தினர் சொன்னது சரி. அடுத்ததை அவர் சொல்லவில்லை. வெப்பம் அப்படி எதிர்த்திசையில் போகப் போக, அந்த ஒட்டுறவு குறைந்துகொண்டே வந்தது. சில மில்லி விநாடிகள்தான். அப்புறம் வெப்பம் பழையபடி சூட்டிலிருந்து குளிருக்குத் திரும்பிவிட்டது. ஒட்டுறவு செலவானது. செலவானதால்தான் வெப்பம் ஓடியது.

வீட்டு ஃப்ரிட்ஜும் குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளத்தான் செய்கிறது. அதற்குக் கரண்ட் பில் கட்டுகிறோம். இங்கே கரண்டுக்குப் பதில் ஒட்டுறவு.

"வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி செத்துப்போச்சு" என்று மேடையில் சொன்னார், அரங்கமே கைதட்டியது. வெப்பம் தானாகச் சூட்டிலிருந்து குளிருக்குத்தான் போகும் என்பதுதான் அந்த விதி. விதி சாகவில்லை ஐயா. இரண்டு பொருள்களுக்கும் முதலில் எந்த ஒட்டுறவும் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் நாம் பாடப்புத்தகத்தில் அதைப் படிக்கிறோம். மோதப்போகும் மூலக்கூறுகளைப் பற்றி இயற்பியலாளர் போல்ட்ஸ்மானும் அப்படித்தான் வைத்துக்கொண்டார். ஒட்டுறவு இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் கணக்கு நேராகிவிடுகிறது.

"கண்ணுக்குத் தெரியாத தொடர்பு எப்படி எரிபொருள் ஆகும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு பிட் தகவலை (ஒரு 0 அல்லது 1) அழித்தாலே குறைந்தபட்சம் இவ்வளவு வெப்பம் வெளியேறியாக வேண்டும் என்று இயற்பியலாளர் லேண்டவர் 1961இலேயே சொல்லிவிட்டார். அறை வெப்பநிலையில் அது சுமார் 3×10⁻²¹ ஜூல். 2012இல் சோதனையில் அளந்தும் பார்த்துவிட்டார்கள். தகவலுக்கும் ஆற்றலுக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு. ஆனால் ஓசி கிடையாது.

இதையேதான் விழாவில் ஒரு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை எழுந்து விருந்தினரிடம் கேட்டாள். "அந்தத் தொடர்பை உண்டாக்க எனர்ஜி வேணாமா சார்?" வெப்பச் சமநிலையில் கிடக்கும் இரண்டு பொருள்களுக்குள் ஒட்டுறவை உண்டாக்க வேலை செய்தாக வேண்டும். அன்று அந்த அரங்கில் யாராவது இயற்பியல் பேசினார்கள் என்றால் அவள் ஒருத்திதான். அவளை "உட்காரும்மா, உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார்கள். மேடையில் இருந்த ஆசிரியர்கள் சிரித்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

"பிள்ளைகளுக்கு ஆர்வம் ஊட்டத்தானே பேசினார், விடுங்க" என்கிறார்கள். விட முடியாது. பேச்சு முடிந்ததும் வாசலில் எரிபொருள் இல்லாத மோட்டாருக்கு முன்பதிவு நடந்ததே, அதையும் ஆர்வம் என்றா சொல்வது? பிரேசில் சோதனையில் கைமாறிய ஆற்றலை ஓர் எலக்ட்ரான் வோல்ட்டின் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு) லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான் அளக்கிறார்கள். அதை வைத்து உங்கள் கிணற்றில் தண்ணீர் இறைக்க முடியாது.

உசிலம்பட்டிப் பக்கம் என் சித்தப்பா இப்படித்தான் ஒரு மோட்டார் வாங்கினார். அப்போது காந்த சக்தி என்றார்கள், இப்போது குவாண்டம் என்கிறார்கள். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் தகர மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு லாரி பேட்டரி, சாக்குத் துணியில் சுற்றி வைத்திருந்தது. விற்றவனைக் காணோம். அந்த மோட்டாருக்காகக் கிணற்றடி நிலம் போனது போனதுதான். மல்லிகை போட்டிருந்த நிலம் அது. சித்தப்பா மகன்கள், என் தம்பிகள் இரண்டு பேரும் இன்று திருப்பூரில் பனியன் கம்பெனியில் நிற்கிறார்கள்.

"நம்ம ஊர்க்காரர் வளர்வது பொறுக்கவில்லையா?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பொறுமை இல்லை. என் சித்தப்பாவும் நம்ம ஊர்க்காரர்தான்.

அந்தப் பிரேசில் ஆய்வுக் கட்டுரை இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. வெப்பம் எதிர்த்திசையில் போகும்போது ஒட்டுறவு இறங்குவதை வரைபடமாகவே போட்டிருக்கிறார்கள். யாரும் பார்க்கலாம். ஞாயிறன்று அட்வான்ஸ் கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் மெஷின் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால், ரசீதோடு போய் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். கூட வர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.