தோல் ஆய்வுக்குக் கணினிக்காரரை முதல் நாளே கூப்பிடுங்கள்

தோல் மாதிரி எடுப்பது மருத்துவர் வேலை, தரவை அலசுவதை உயிர்த்தகவலியல் குழுவிடம், அதாவது மரபணுத் தரவைக் கணினியில் அலசுபவர்களிடம், விட்டுவிடலாம் என்கிறது தோல் நோய் ஆய்வு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் ஒத்துக்கொள்கிறேன். அப்படித் தரவை அலசும் வேலையில் இருப்பவன் நான். ஆய்வு முடிந்தபின் கோப்புகளை அனுப்பினால் எங்களால் அதிகம் செய்ய முடியாது. நோயாளிகளின் மாதிரியை ஒரு நாளும் நோயில்லாதவர்களின் மாதிரியை இன்னொரு நாளும் மரபணு வரிசையைப் படிக்கும் இயந்திரத்தில் போட்டிருந்தால், தெரியும் வித்தியாசம் நோயால் வந்ததா, நாளால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

எதைத் தேடுவது என்பதையும் முதலிலேயே பேச வேண்டும். தோலின் மேலடுக்கைக் காக்கும் புரதத்துக்கான ஃபிலாக்ரின் மரபணுவைப் பாருங்கள். அதில் வரும் பிழைகள் எக்ஸிமா என்ற அரிப்புத் தோல் அழற்சிக்கு வழிவிடுகின்றன என்று 2006-இல் தெரிந்தது. ஆனால் அந்த மரபணுவுக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரியான பகுதி 10 முதல் 12 முறை திரும்பத் திரும்ப வரும். துண்டு துண்டாகப் படித்த வரிசை எந்தப் பகுதிக்கு உரியது என்று மென்பொருளே தடுமாறும். அப்புறம், ஐரோப்பியரிடம் அதிகம் காணும் பிழைகளை மட்டும் தேடினால் ஆசியர்களிடம் இருப்பவை தப்பிவிடும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்தில் என் அம்மா பால்மரம் வெட்டியவர். விரலிடுக்கில் தோல் வெடித்து, இரவில் தேங்காய் எண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு படுப்பார். விடியற்காலையில் அவிழ்க்கும்போது தோலும் சேர்ந்து வரும். கறுத்த தோலில் அழற்சி அவ்வளவாகச் சிவப்பாகத் தெரியாது. சாம்பலாகவோ ஊதாவாகவோ தெரியலாம். கிளினிக்கில் ஒன்றுமில்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். வெளுத்த தோல் படங்களை மட்டும் காட்டிப் பழக்கினால் கணினியும் அப்படித்தான் சொல்லும். நம் தோட்டத்து மக்களின் தோலும் அந்தத் தரவில் இருக்க வேண்டும். சம்மதம் கேட்கும் தாள் தமிழிலும் இருக்கட்டும்.