ஏரோப்ளேன் மோடு இருக்கட்டும், பவர் பேங்க் எங்கே இருக்கிறது?

பள்ளி விடுமுறை நெருங்கினால் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி தவறாமல் வரும்: ஏரோப்ளேன் மோடு போடாவிட்டால் விமானம் விழுந்துவிடுமா? விழாது. அதற்காகப் போடாமல் இருக்கலாம் என்றும் ஆகாது.

கைபேசிக்கு டவர் தூரமாகப் போகப் போக அது தன் சக்தியைக் கூட்டிக்கொண்டு கத்தும். 4ஜி போனின் உச்சம் 0.2 வாட், பழைய 2ஜியில் 2 வாட் வரை போகும். விமானி ஹெட்செட்டில் கேட்கும் அந்த "டிர்ர்... டிர்ர்" சத்தம் பெரும்பாலும் இந்த 2ஜி வேலைதான். சிங்கப்பூரில் 2ஜியை 2017லேயே மூடிவிட்டார்கள். இந்தியாவில் இன்னும் ஓடுகிறது. திருச்சியில் இறங்கும் நேரத்தில், விமானி கட்டுப்பாட்டு மையத்தின் பேச்சைக் கூர்ந்து கேட்க வேண்டிய தருணத்தில், இருநூறு போன்கள் சேர்ந்து டவர் தேடுவது நல்லதில்லை. ப்ளூடூத் ஹெட்போன் இதில் சேராது. அதன் சக்தி சில மில்லிவாட்தான். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013 அக்டோபரில், ஏரோப்ளேன் மோடில் இருந்தால் புறப்படும்போதும் இறங்கும்போதும்கூட சிறு கருவிகளைப் பயன்படுத்தலாம் என்று தளர்த்தியது. ஐரோப்பாவும் பின்னாலேயே வந்தது. மடிக்கணினியை மட்டும் அப்போது உள்ளே வைக்கச் சொல்வதற்கும் அலைவரிசைக்கும் சம்பந்தமில்லை. ஒன்றரைக் கிலோ பொருள் குலுக்கலில் பறந்தால் யார் மண்டையிலாவது விழும், அவ்வளவுதான்.

மோடு போடாதவருக்கு உடனடியாக வலிக்கப்போவது பணப்பை. சில விமானங்களில் உள்ளேயே குட்டி டவர் உண்டு. போன் அதைப் பிடித்துக்கொண்டால் சாதாரண ரோமிங் திட்டம் பல நேரம் செல்லாது. நீங்கள் தூங்கும்போது போட்டோக்கள் கிளவுடுக்கு ஏறினாலும் கட்டணம் கட்டணம்தான். வைஃபை வேண்டுமென்றால் முதலில் ஏரோப்ளேன் மோடு, அப்புறம் வைஃபையை மட்டும் தனியாகத் திறக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2023 ஜூலையிலிருந்து அதன் பயணப் புள்ளித் திட்டமான கிரிஸ்ஃபிளையரின் உறுப்பினர்களுக்கு எல்லா வகுப்பிலும் வைஃபை இலவசம். உறுப்பினராவதற்கும் காசு இல்லை, ஏறும் முன்பே சேர்ந்துவிடுங்கள்.

ஆனால் இத்தனை வருடமாக சிக்னலைப் பற்றியே பேசிப் பேசி, நிஜமாகத் தீப்பிடிக்கிற பொருளை மறந்துவிட்டோம் என்பதுதான் என் ஆதங்கம்.

2025 ஜனவரி 28. தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானத்தில், பின்பக்கம் பைகள் வைக்கும் மேல்தட்டிலிருந்து தீ. 176 பேரும் தப்பினார்கள், விமானத்தின் கூரை எரிந்துபோனது. பவர் பேங்க்கின் உள்ளே மின்காப்பு சிதைந்தது காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. தரையில் நடந்ததால் எல்லோரும் இறங்கி ஓட முடிந்தது.

லித்தியம் பேட்டரியின் இரண்டு முனைகளையும் பிரித்து வைத்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் படலம். கீழே விழுந்து நசுங்கினாலோ, மலிவுத் தயாரிப்பில் உள்ளே துகள் மாட்டியிருந்தாலோ படலம் கிழியும். உள்ளேயே ஷார்ட் ஆகி, சூடு தானே சூட்டைக் கூட்டும், பேட்டரிக்குள் அடுத்தடுத்து இருக்கும் பக்கத்து செல்லுக்கும் தாவும். விமானத்தில் இருக்கும் ஹாலோன் வாயு அணைப்பான் சுடரை அணைக்கும், செல்லைக் குளிர்விக்காது. அதனால் மறுபடியும் பற்றும். சிப்பந்திகள் சுடரை அணைத்ததும் தண்ணீரோ ஜூஸோ கொட்டிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். ஐஸ் வைக்கக் கூடாது, போர்வை போட்டு மூடவும் கூடாது. இரண்டும் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும்.

மேல்தட்டில் பைக்குள் புதைந்த பவர் பேங்க் புகைந்தால் கண்ணில் படவே நேரமாகும். கொரியா 2025 மார்ச் 1 முதல் அதை மேல்தட்டில் வைக்கவே தடை போட்டது. யாரும் சொல்லாவிட்டாலும் நாமும் அப்படியே செய்யலாம்: முன்னிருக்கைப் பையிலோ காலடியிலோ, கண்ணுக்கு எட்டும் இடத்தில். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதன் பட்ஜெட் நிறுவனமான ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்க்கால் போனை சார்ஜ் செய்வதையும், இருக்கை யூஎஸ்பியில் பவர் பேங்க்கை சார்ஜ் செய்வதையும் தடை செய்துவிட்டன. பட்ஜெட் விமானத்தில் பல இருக்கைகளில் பிளக்கும் இருக்காது, ஆகவே சாங்கி விமான நிலையத்திலேயே போனை நிரப்பிக்கொள்ளுங்கள்.

அளவுக் கணக்கு எளிது. பவர் பேங்க் மேல் எழுதியிருக்கும் எம்ஏஎச் (mAh) எண்ணை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வாட் அவர் (Wh), அதாவது அது தேக்கி வைக்கும் மின்சக்தியின் அளவு. 20,000 என்றால் 74. 27,000 என்றால் 99.9. நூறு வரை பொதுவாகக் கேள்வியில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவை, அதற்கு மேல் கிடையாது. சிங்கப்பூர் தேக்கா கடைகளில் பத்து வெள்ளிக்கு வாங்கிய, எழுத்து அழிந்துபோனதை நீட்டினால் பாதுகாப்புச் சோதனையில் நின்று வாதாட வேண்டிவரும். உப்பியிருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சீனாவுக்குள் உள்ளூர் விமானம் ஏறுபவர்கள் 3சி முத்திரை (சீனாவின் கட்டாயத் தரச் சான்று) இருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 ஜூன் 28 முதல் அது இல்லாததை ஏற்றுவதில்லை.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. சென்னை, திருச்சி விமானம் நிரம்பிவிட்டால் வாசலிலேயே கைப்பையை வாங்கி சரக்கறைக்கு அனுப்புவார்கள். பையைக் கொடுக்கும் முன் பவர் பேங்க்கையும் உதிரி கேமரா பேட்டரியையும் எடுத்துவிட வேண்டும். அங்கே தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. மடிக்கணினி சரக்கறைக்குப் போகிறதென்றால் மூடி வைத்தால் போதாது, முழுசாக ஷட்டவுன் செய்யுங்கள். தூங்கும் நிலையில் இருப்பது பைக்குள் தானே விழித்துச் சூடேறும்.

தூக்கத்தில் போன் இருக்கை இடுக்கில் நழுவினால் பட்டனை அழுத்தி இருக்கையை நகர்த்தாதீர்கள். வணிக வகுப்புப் படுக்கை இருக்கையின் மோட்டார் போனை அப்பளமாக நொறுக்கிவிடும், 2016இல் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமானமொன்றில் அப்படி நசுங்கிய போன் எரிந்தது. எழுந்து நின்று சிப்பந்தியைக் கூப்பிடுங்கள்.